நூற்று ஐம்பத்தேழு கோடி நாட்கள்

ஒரே சூரியன், வெவ்வேறு தேதி

தில்லியில் ஏதேனும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர்களுக்கு ஏப்ரல் மாத நடுவில் வரும் இந்தக் குழப்பம் பழகியதுதான். 2024-இல் எதிர்வீட்டுப் பஞ்சாபியர் ஏப்ரல் 13 அன்று பைசாகி கொண்டாடினார்கள். நாம் மறுநாள், 14 அன்று, வேப்பம்பூப் பச்சடி வைத்தோம். அதற்கு முந்தைய ஆண்டு, 2023-இல், பஞ்சாபியருக்கும் நமக்கும் ஏப்ரல் 14 ஒரே நாளாக அமைந்தது. மாடிவீட்டு மலையாளிகளோ 15 அன்று விஷுக்கணி கண்டார்கள். வங்காளிகளின் பொய்லா பைசாக்கும் 15-ஆம் தேதிதான்.

இத்தனைக்கும் எல்லோரும் கொண்டாடுவது ஒரே நிகழ்ச்சியை. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் கணம் அது. சூரியன் தமிழனுக்கு ஒரு நேரத்திலும் பஞ்சாபிக்கு வேறொரு நேரத்திலும் நுழைவதில்லை. பிறகு ஏன் தேதி வேறுபடுகிறது? தீபாவளி ஆண்டுக்கு ஆண்டு அக்டோபருக்கும் நவம்பருக்கும் இடையே தாவும்போது, சித்திரை முதல் நாள் மட்டும் ஏன் ஏப்ரல் 14-ஐ இவ்வளவு இறுகப் பிடித்துக் கொண்டிருக்கிறது? அந்தப் பிடி என்றைக்காவது நழுவுமா?

மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே எண்ணுக்குள் இருக்கிறது. 157,79,17,500. வாய்விட்டுச் சொன்னால், நூற்று ஐம்பத்தேழு கோடியே எழுபத்தொன்பது லட்சத்துப் பதினேழாயிரத்து ஐந்நூறு. ஆரியபட்டர் 1,500 ஆண்டுகளுக்கு முன் நிறுவிய எண் இது. நம் வாக்கியப் பஞ்சாங்கத்தின் சூரியக் கணக்கு இன்றும் இதன்மேல்தான் நிற்கிறது.

பூமி சுற்றிய கணக்கு

ஆரியபட்டர் கி.பி. 476-இல் பிறந்தவர். அவருடைய 'ஆரியபடீயம்' 43,20,000 ஆண்டுகள் கொண்ட ஒரு நெடுங்காலத்தை எடுத்துக்கொள்கிறது. அதற்கு யுகம் என்று பெயர். அந்தக் காலத்துக்குள் சூரியன் வான வட்டத்தை 43,20,000 முறை சுற்றிவரும். அதே காலத்துக்குள் பூமி கிழக்கு நோக்கித் தன்னைத்தானே 158,22,37,500 முறை சுற்றும் என்கிறார் அவர். வானம் சுழல்கிறது என்றே உலகின் பெரும்பகுதி நம்பிக்கொண்டிருந்த காலம் அது. சுழல்வது பூமி என்று எழுதி, எத்தனை முறை சுழல்கிறது என்ற எண்ணையும் தந்தார்.

பூமி ஒரு முறை சுற்றினால் ஒரு நாள்தானே என்று தோன்றும். அப்படியில்லை. பூமி தன்னைச் சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றிவருகிறது. அதனால் ஓர் ஆண்டில் பூமி சுற்றும் எண்ணிக்கையைவிட நாம் காணும் சூரிய உதயங்கள் சரியாக ஒன்று குறைவு. கோவில் பிராகாரத்தை வலம்வரும்போது எப்போதும் மூலவரைப் பார்த்தபடியே பக்கவாட்டில் நடந்து பாருங்கள். மூலவர் உங்கள் முகத்தைவிட்டு அகலவே மாட்டார். ஆனாலும் ஒரு வலம் முடியும்போது உங்கள் உடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியிருக்கும். அந்த ஒரு சுற்றுதான் கணக்கில் மறைந்துபோகும் சுற்று.

ஆகவே பூமியின் சுற்றுகளிலிருந்து ஆண்டுகளின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும். 158,22,37,500-இலிருந்து 43,20,000 போனால் 157,79,17,500. ஒரு யுகத்தில் உள்ள நாட்கள் இவை.

பூமிச் சுற்றுகளின் எண்ணை நாட்களின் எண்ணோடு ஒப்பிட்டுப் பூமி ஒரு முறை சுற்ற ஆகும் நேரத்தைக் கணக்கிட்டால் 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி வருகிறது. இன்றைய அளவீடு 4.09 விநாடி என்கிறது. தொலைநோக்கி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் விநாடியின் நூறில் ஒரு பங்கு வரை நெருங்கியிருக்கிறார். இதை ஒவ்வொரு முறை கணக்கிட்டுப் பார்க்கும்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

ஏன் இவ்வளவு பெரிது?

புராணப் பிரமாண்டத்துக்காக எழுதிய எண் என்று இதை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. இந்த எண் பெரிதாக இருப்பதற்குக் கணக்கில் காரணம் இருக்கிறது.

ஓர் ஆண்டில் 365 நாட்களும் ஒரு பின்னமும் இருக்கின்றன. கால் நாளுக்குச் சற்று மேற்பட்ட பின்னம் அது. தசமப் புள்ளி வழக்கத்துக்கு வராத காலத்தில் அந்தச் 'சற்று' என்பதை எப்படி எழுதுவது? கடையில் ஒரு மிளகின் எடையை நேரடியாக நிறுக்க முடியாது. ஆயிரம் மிளகை நிறுத்து ஆயிரத்தால் வகுத்தால் கிடைத்துவிடும். ஆரியபட்டர் செய்ததும் அதுவே. ஓர் ஆண்டின் நீளத்தைச் சொல்லாமல் 43,20,000 ஆண்டுகளின் நீளத்தைச் சொன்னார். பின்னம் மறைந்து முழு எண் வந்தது.

அந்த எண்ணை 43,20,000-ஆல் வகுத்தால் ஓர் ஆண்டின் நீளம் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. நாளில் அறுபதில் ஒன்று நாழிகை, நாழிகையில் அறுபதில் ஒன்று விநாழிகை, விநாழிகையில் அறுபதில் ஒன்று தற்பரை. இன்றைய கடிகாரக் கணக்கில் 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. தற்பரைக்குக் கீழே மிச்சமே இல்லை, கச்சிதமாக முடிகிறது. இந்தக் கச்சிதம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எண்ணைப் பிரித்தல்

தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் பிரிக்க முடியும். ஓர் எண்ணின் குணம் தெரிய வேண்டுமானால் அதன் பகா எண்களைப் பார்த்தால் போதும்.

நம் எண் 7,500 என்று முடிகிறது. அதனால் 2,500-ஆல் மீதியின்றி வகுபடும். வகுத்தால் 6,31,167. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 24 வருகிறது. இலக்கக் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் 3-ஆல் வகுபடும் என்பது பள்ளியில் படித்ததுதான். வகுத்தால் 2,10,389. இனி இது 2-ஆலோ 3-ஆலோ 5-ஆலோ வகுபடாது. மேலும் தேடினால் 61-ஐ 3,449-ஆல் பெருக்கியது என்று தெரியவரும். அவை இரண்டும் பகா எண்கள்.

யுக எண்ணான 43,20,000-இல் 2, 3, 5 என்ற மூன்று பகா எண்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இரண்டு எண்களுக்கும் பொதுவாக இருப்பது 7,500. அதை இரண்டிலிருந்தும் வகுத்து எடுத்துவிடுங்கள். 157 கோடி சுருங்கி 2,10,389 ஆகிறது. 43 லட்சம் சுருங்கி 576 ஆகிறது.

அதாவது 576 ஆண்டுகளில் சரியாக 2,10,389 நாட்கள். மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை. நாற்பத்து மூன்று லட்சம் ஆண்டுகளின் கணக்கு ஒரு பழைய கோவிலின் வயதுக்குள் அடங்கிவிட்டது.

எல்லாப் பெரிய எண்களும் இப்படிச் சுருங்குவதில்லை. 'சூரிய சித்தாந்தம்' இதே யுகத்துக்கு 157,79,17,828 நாட்கள் என்கிறது. வேறுபாடு வெறும் 328 நாள். ஓர் ஆண்டுக்கு ஆறரை விநாடியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணுக்கும் 43,20,000-க்கும் பொதுவாக இருப்பது 4 மட்டுமே. சுருக்கினால் 576-க்குப் பதில் 10,80,000 வந்து நிற்கும். மனக்கணக்குக்கு அது பெரும்பாரம். வாலில் இருக்கும் மூன்று இலக்கங்கள் எண்ணின் குணத்தையே மாற்றிவிடுகின்றன.

149 கோடுகள் தாவும் முள்

இப்போது 576 கோடுகள் போட்ட ஒரு கடிகாரத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஒரு நாள். அப்படியானால் ஒரு கோடு என்பது இரண்டரை நிமிடம். முள் காலை 6 மணிக்கு, சூரிய உதயத்தில், சுழியத்தில் நிற்கிறது. மாலை 6 மணிக்கு, அஸ்தமனத்தில், 288-இல் இருக்கும்.

365-ஐ 576-ஆல் பெருக்கினால் 2,10,240. நம் எண் 2,10,389. மிச்சம் 149. எனவே ஒவ்வோர் ஆண்டும் சூரியன் மேஷத்தில் நுழையும் நேரம் இந்தக் கடிகாரத்தில் 149 கோடுகள் முன்னே தாவுகிறது. 576-ஐத் தாண்டினால் 576-ஐக் கழித்துவிட்டு ஒரு நாள் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆண்டுப் பிறப்பின் நேரம் கணிக்க வேறு எதுவும் வேண்டாம்.

149 ஒரு பகா எண். அதற்கும் 576-க்கும் பொதுவான காரணி ஏதும் இல்லை. இதனால் ஓர் அழகான விளைவு உண்டு. முள் தாவித் தாவிச் செல்லும்போது 576 கோடுகளில் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை தொடும். எதையும் விடாது, எதையும் முன்கூட்டியே இரண்டாம் முறை தொடாது. 576 ஆண்டுகள் முடிந்ததும் புறப்பட்ட கோட்டுக்கே திரும்பிவந்து சேரும். தாவல் 149-க்குப் பதில் 144 என்று இருந்திருந்தால் நான்கே கோடுகளில் சுற்றிக்கொண்டிருக்கும்.

2024-ஐக் கணக்கிட்டுப் பார்ப்போம்

பஞ்சாங்கம் கலியுகத் தொடக்கத்திலிருந்து நாட்களை எண்ணுகிறது. அது கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை, சூரிய உதயம். 2024 ஏப்ரலில் கலி பிறந்து 5,125 ஆண்டுகள் நிறைவடைந்தன.

5,125-ஐ 2,10,389-ஆல் பெருக்குங்கள். 107,82,43,625 வரும். இதிலிருந்து 1,237-ஐக் கழிக்க வேண்டும். சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. சராசரி வேகத்தில் நகரும் ஒரு கற்பனைச் சூரியனைவிட உண்மைச் சூரியன் 2 நாள் 8 நாழிகை 51 விநாழிகை 15 தற்பரை முந்தி மேஷத்தில் நுழைந்துவிடுகிறது. நம் கடிகாரக் கோடுகளில் அது 1,237.

கழித்தால் 107,82,42,388. இதை 576-ஆல் வகுத்தால் ஈவு 18,71,948, மீதி 340.

ஈவு என்பது கலி பிறந்து கழிந்த நாட்கள். அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. வெள்ளிக்கு அடுத்தது சனி. நாட்களை எண்ணிவந்தால் 2024 ஏப்ரல் 13 வருகிறது, அன்று சனிக்கிழமையேதான். மீதி 340 என்பது நம் முள் நிற்கும் கோடு. 340-ஐ இரண்டரையால் பெருக்கினால் 850 நிமிடம், அதாவது உதயத்திலிருந்து 14 மணி 10 நிமிடம். இரவு 8 மணி 10 நிமிடத்துக்குச் சூரியன் மேஷத்தில் நுழைந்தது. இது உஜ்ஜயினி வழியாகச் செல்லும் பழைய நடுக்கோட்டின் நேரம். அந்தக் கோடு குருட்சேத்திரத்தையும் தொட்டுச் செல்வதாகச் சொல்வது மரபு. தில்லியின் நேரம் அதிலிருந்து சில நிமிடங்களே வேறுபடும்.

இனி அண்டைவீட்டார் கணக்குக்கு வருவோம். நுழையும் கணம் எல்லோருக்கும் ஒன்று. எந்த நாளை முதல் நாள் என்று அழைப்பது என்ற வழக்கம்தான் வேறு. பஞ்சாபியர் நுழைந்த அன்றே கொண்டாடுகிறார்கள். அதனால் 13. தமிழர் வழக்கில் அஸ்தமனத்துக்குள் நுழைந்தால் அன்று, தாண்டிவிட்டால் மறுநாள். 340 என்பது 288-ஐத் தாண்டிவிட்டது. அதனால் 14.

2023-க்கு 340-இலிருந்து 149-ஐக் கழியுங்கள். 191 வரும். ஏப்ரல் 14 பிற்பகல் 2 மணிக்குச் சற்று முன். அஸ்தமனத்துக்கு முந்தியது என்பதால் நமக்கும் பஞ்சாபியருக்கும் அன்றே. மலையாளிகளின் எல்லை பகலின் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 18 நாழிகை, நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 173-ஆவது கோடு. 191 அதைத் தாண்டிவிட்டதால் விஷு 15-க்குப் போனது. வங்காளிகளின் வழக்கில் நள்ளிரவுக்குள் நுழைந்தால் மறுநாள்தான் மாதப் பிறப்பு. ஆகவே அவர்களுக்கும் 15.

இதே கணக்கை 1919-க்குப் போட்டுப் பார்த்தேன். மீதி 247 வந்தது. ஏப்ரல் 13, மாலை 4 மணி 17 நிமிடம். அந்த ஆண்டின் பைசாகி நாளில்தான் அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாகில் கூடியிருந்த மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவிழாவுக்காக ஊருக்கு வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். எண்களோடு விளையாடிக்கொண்டிருந்த கை அந்த வரியில் நின்றுவிட்டது.

சோழிகளால் கணித்தவர்கள்

இப்படிப்பட்ட பஞ்சாங்கக் கணக்குகளை ஏட்டில்கூட எழுதாமல் செய்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். ஜான் வாரன் என்பவர் 1825-இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித' என்ற நூலில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தக் கணிதர் தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும், மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, அந்த ஆண்டு மே 31 இரவில் தொடங்கவிருந்த சந்திர கிரகணத்தின் நேரத்தைக் கணித்துக் காட்டினார். மனத்தில் ஏற்றிவைக்கக்கூடிய எண்கள் வாய்த்திருந்ததால்தான் அது முடிந்தது. 576 போன்ற ஓர் எண்ணின் அருமை அங்கேதான் தெரிகிறது.

ஜந்தர் மந்தரின் நிழல்

இவ்வளவு சொல்லிவிட்டு எண்ணின் குறையைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

விண்மீன்களைப் பின்னணியாக வைத்துச் சூரியன் ஒரு சுற்று முடிக்க ஆகும் காலத்தை விண்மீன் ஆண்டு என்போம். இன்றைய அளவீட்டில் அது 365 நாள் 6 மணி 9 நிமிடம் 10 விநாடி. நம் எண் தருவது 3 நிமிடம் 20 விநாடி அதிகம்.

இதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரம்போல, ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை மெல்லத் தலையைச் சுழற்றுகிறது. அதனால் வெயிலும் மழையும் திரும்பிவரும் ஆண்டு, விண்மீன் ஆண்டைவிட 20 நிமிடத்துக்குச் சற்று மேல் குறைவு. இதைப் பருவ ஆண்டு என்போம். நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஆங்கில நாட்காட்டி இதைத்தான் பின்பற்றுகிறது. இரண்டு வேறுபாடுகளையும் கூட்டினால் ஆண்டுக்கு 23 நிமிடம் 45 விநாடி. ஏறத்தாழ 61 ஆண்டுகளில் ஒரு நாள் முழுதாக நழுவிவிடும்.

தில்லியில் இதைக் கண்ணால் காணலாம். இரண்டாம் ஜெய்சிங் 1724-இல் எழுப்பிய ஜந்தர் மந்தர், கன்னாட் பிளேஸின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள சாம்ராட் யந்திரத்தின் சாய்ந்த படிக்கட்டுச் சுவர் பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20, 21 தேதிகளில் சூரியன் வான நடுவரையில் செல்வதை அதன் நிழல் காட்டும். ஆரியபட்டரின் காலத்தில் மேஷப் பிறப்பும் அந்தச் சமநாளும் அடுத்தடுத்து வந்தன. கலி 3,600 ஆண்டுகளை நம் எண் தரும் ஆண்டு நீளத்தால் பெருக்கினால் 13,14,931 நாளும் சரியாகக் கால் நாளும் வரும். அது கி.பி. 499 மார்ச் 21 நண்பகல். அப்போது தமக்கு வயது 23 என்று அவரே குறிப்பிடுகிறார். இந்தப் பொருத்தம் தற்செயல் என்று நான் நம்பவில்லை. தம் காலத்து வானத்தோடு பொருந்தும்படி எண்ணைச் செதுக்கியிருக்கிறார். அந்த வானம் நகர்ந்துவிட்டது. இன்று சமநாளுக்கும் சித்திரைப் பிறப்புக்கும் 24 நாள் இடைவெளி.

சாகா குழுவின் முடிவு

1952 நவம்பரில் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகம் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவை அமைத்தது. தலைவர் வானியற்பியலாளர் மேகநாத் சாகா. சுதந்திர இந்தியா முழுவதற்கும் ஒரே நாட்காட்டி வேண்டும் என்பது நோக்கம். ஏறத்தாழ 30 நாட்காட்டிகள் நாட்டில் புழங்கிக்கொண்டிருந்தன. 1955-இல் வெளிவந்த அறிக்கை, விண்மீன் ஆண்டை விட்டுப் பருவ ஆண்டை ஏற்கச் சொன்னது. அதன்படி 1957 மார்ச் 22, சக ஆண்டு 1879 சைத்திரம் முதல் நாள் ஆனது. மத்திய அரசின் அரசிதழில் இன்றும் அந்தத் தேதி அச்சாகிறது.

சாகா அதைப் பார்க்கவில்லை. 1956 பிப்ரவரி 16 அன்று தில்லியில் திட்டக்குழு அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் இறந்தார்.

வானியலின்படி அவர் சொன்னது சரி. பருவத்தோடு ஒட்டாத நாட்காட்டி விதைப்புக்கும் அறுவடைக்கும் உதவாது. ஆனாலும் அரசிதழுக்கு வெளியே யாரும் சைத்திரம் முதல் நாளில் பச்சடி வைக்கவில்லை. மனப்பாடமாகிப்போன ஓர் எண்ணை ஓர் ஆணையால் மறக்கவைக்க முடியாது என்பதே என் எண்ணம்.

பிடி நழுவும் ஆண்டு

கடைசிக் கேள்வி மிச்சமிருக்கிறது. ஏப்ரல் 14 எப்போது நழுவும்?

நான்கு ஆண்டுகளில் முள் நான்கு முறை 149 கோடுகள் தாவினால் 596. அதில் 576 போக 20. நான்காண்டுக்கு ஒரு முறை வரும் பிப்ரவரி 29 அந்த ஒரு முழு நாளைச் சமன்செய்துவிடும். 20 கோடுகள் மட்டும் சேர்ந்துகொண்டே போகும்.

2023-இல் ஏப்ரல் 14 அன்று முள் 191-இல் நின்றது. 2027-இல் 211. அப்போதும் நமக்கு 14, மலையாளிகளுக்கு 15. 2031-இல் 231. 2035-இல் 251. 2039-இல் 271. இதுவரை அஸ்தமனத்துக்குள் இருக்கிறது. 2043-இல் 291. பகலை 30 நாழிகை என்று வட்டமாக வைத்துக்கொண்டால், எல்லையான 288-ஐ மூன்று கோடுகள், அதாவது ஏழரை நிமிடம், தாண்டிவிடுகிறது. அந்த ஆண்டு சித்திரை முதல் நாள் ஏப்ரல் 15.